சிரங்குக்கு எது ஏற்றது: பூசும் கிரீமா, விழுங்கும் மாத்திரையா?

படுக்கையில் சாய்ந்ததும் விரலிடுக்கு, மணிக்கட்டு, அக்குள், இடுப்பு எல்லாம் அரிக்கத் தொடங்குகிறது. வீட்டில் இன்னொருவரும் சொறிகிறார். மருத்துவர் பார்த்துவிட்டுச் சிரங்கு என்கிறார். அவர் எழுதித் தரும் சீட்டில் பெரும்பாலும் இரண்டு மருந்துகளில் ஒன்று இருக்கும்: 5 சதவீதப் பெர்மெத்ரின் கிரீம் அல்லது ஐவர்மெக்டின் மாத்திரை. சில நேரம் இரண்டுமே இருக்கும். மாத்திரை என்று ஒன்று இருக்கும்போது உடம்பு முழுவதும் எதற்குக் கிரீம் பூச வேண்டும் என்று சிலர் கேட்கிறார்கள். கிரீம் பூசிப் பார்த்தேன், போகவில்லை, அதைவிட வலுவான மருந்து உண்டா என்று வேறு சிலர் கேட்கிறார்கள்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெரும்பாலான வீடுகளுக்குப் பெர்மெத்ரின் கிரீமே முதல் தேர்வு. ஆனால் அதற்கு ஒரு நிபந்தனை உண்டு. வீட்டிலுள்ள எல்லோரும் ஒரே நாளில், உடம்பில் ஓர் இடமும் விடாமல், சொன்ன இடைவெளியில் இரண்டு முறை பூசிக்கொள்ள வேண்டும். அது நடக்காது என்று முன்கூட்டியே தெரிந்தால் மாத்திரையைப் பற்றி மருத்துவரிடம் வாய்விட்டுக் கேட்பதே நல்லது. மருந்தின் வலிமையைவிட, அந்த வீட்டில் அது எப்படிப் பயன்படப்போகிறது என்பதுதான் இங்கே முடிவைத் தீர்மானிக்கிறது. ஏன் அப்படி என்பதை அந்தப் பூச்சியின் வாழ்க்கையிலிருந்து தொடங்கினால்தான் விளக்க முடியும்.

சிரங்கை உண்டாக்கும் பெண்பூச்சி ஏறத்தாழ 0.3 முதல் 0.4 மில்லிமீட்டர் நீளம் கொண்டது. தோலின் மேலடுக்கில் வளை தோண்டிக்கொண்டு நாளொன்றுக்கு இரண்டு மூன்று முட்டைகள் இடும். முட்டை மூன்று நான்கு நாளில் பொரியும். குஞ்சு ஏறத்தாழ இரண்டு வாரத்தில் முழுப் பூச்சியாகும். இத்தாலியில் பொனோமோவும் செஸ்தோனியும் 1687ஆம் ஆண்டிலேயே இதை நுண்ணோக்கியில் பார்த்து, சிரங்குக்குக் காரணம் இந்தப் பூச்சிதான் என்று எழுதிவிட்டார்கள். காரணம் தெரிந்து மூன்று நூற்றாண்டுகளுக்கு மேலாகிறது. மருந்தும் கையில் இருக்கிறது. ஆனாலும் உலகில் எந்த ஒரு வேளையிலும் இருபது கோடிப் பேருக்கு மேல் இந்த நோய் இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்களின் பட்டியலில் 2017ஆம் ஆண்டில்தான் இது இடம்பிடித்தது.

மருந்தைத் தேர்வு செய்யும்போது இரண்டு செய்திகளை நினைவில் வைத்திருக்க வேண்டும். முதலாவது, சாதாரணச் சிரங்கில் உடம்பு முழுவதிலும் சேர்த்தே பத்துப் பதினைந்து பூச்சிகள்தான் இருக்கும். உடம்பெங்கும் தெரியும் தடிப்புகளும் அரிப்பும் பூச்சி, அதன் முட்டை, கழிவு ஆகியவற்றுக்கு உடல் காட்டும் ஒவ்வாமை. அரிக்கிற இடம் வேறு, பூச்சி இருக்கிற இடம் வேறு என்று அமைவது சகஜம். அரிக்கும் இடத்தில் மட்டும் கிரீம் தடவுகிறவர் பூச்சியைத் தொடாமலே குழாயைத் தீர்த்துவிடலாம்.

இரண்டாவது, முதல் முறை பூச்சி தொற்றும்போது அந்த ஒவ்வாமை உருவாக நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். அதுவரை அரிப்பே இருக்காது, ஆனால் பூச்சி இருக்கும், பிறருக்கும் பரவும். முன்பே ஒருமுறை சிரங்கு வந்தவருக்கு மறுபடி தொற்றினால் ஓரிரு நாளிலேயே அரிப்பு தொடங்கிவிடும். "எனக்கு ஒன்றும் இல்லையே, நான் எதற்கு மருந்து போட வேண்டும்?" என்று வீட்டில் ஒருவர் சொல்லும்போது, அவர் அந்த ஆறு வார இடைவெளிக்குள் இருக்கிறாரா என்பது யாருக்கும் தெரியாது. மருந்து தோற்றது என்று சொல்லப்படும் பல வீடுகளில் இந்த ஒருவர்தான் விடுபட்டிருப்பார். அவரிடமிருந்து பூச்சி மறுபடி எல்லோருக்கும் போகும். பழி மருந்தின் மேல் விழும்.

பெர்மெத்ரின்: பூசுவதில் இருக்கிறது பாதி மருந்து

பைரித்ரம் என்னும் சாமந்தி இனப் பூவில் இயற்கையாகவே ஒரு பூச்சிக்கொல்லிப் பொருள் இருக்கிறது. அதைப் பின்பற்றி ஆய்வகத்தில் உருவாக்கப்பட்டதே பெர்மெத்ரின். இது பூச்சியின் நரம்புகளிலுள்ள சோடியம் வாயில்களை மூடவிடாமல் செய்து பூச்சியைச் செயலிழக்க வைக்கிறது. மனிதத் தோல் வழியாக மிகச் சிறிதளவே உள்ளே போகிறது. பூசியதில் இரண்டு சதவீதத்துக்கும் குறைவு என்றே கணக்கிடப்பட்டிருக்கிறது. உள்ளே போனதையும் உடல் விரைவாகச் சிதைத்து வெளியேற்றிவிடுகிறது. அதனால்தான் இரண்டு மாதக் குழந்தை முதல் முதியவர் வரை, கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மார்களுக்கும்கூட மருத்துவர்கள் இதைத் தயங்காமல் எழுதுகிறார்கள். இவ்வளவு பரந்த வயதினருக்குப் பொருந்தும் வேறு மருந்து சிரங்குக்கு அரிது. இதைத்தான் நான் இதன் பெரிய பலமாகக் கருதுகிறேன். ஒரே வீட்டில் கைக்குழந்தையும் பாட்டியும் கர்ப்பிணியும் இருக்கும்போது ஒரே மருந்தை ஒரே இரவில் எல்லோருக்கும் கொடுத்துவிட முடிகிறது.

இதன் பலவீனமும் வெளிப்படையானது. பூசுகிறவரின் பொறுமையை நம்பி இருக்கும் மருந்து இது. எப்படிப் பூசுவது என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்; ஒரு நிமிட ஆலோசனையில் இது பாதிதான் சொல்லப்படுகிறது.

இரவில் பூசி காலையில் கழுவுவது வசதி. வெந்நீரில் குளித்த சூட்டோடு பூசக் கூடாது. சூடான, ஈரமான தோல் மருந்தைத் தேவைக்கு மேல் உறிஞ்சும். குளித்திருந்தால் துடைத்து, உடம்பு ஆறிய பிறகே தொடங்க வேண்டும். நகங்களை ஒட்ட வெட்டிவிட வேண்டும். பெரியவர்களுக்குத் தாடைக்குக் கீழிருந்து உள்ளங்கால் வரை ஓர் அங்குலமும் விடக் கூடாது. காதின் பின்புறம், கழுத்து, அக்குள், மார்பகத்தின் அடிப்பகுதி, தொப்புள், இடுப்பு, பிறப்புறுப்பு, பிட்டங்களுக்கு இடையிலான பகுதி, முழங்காலின் பின்புறம், கால் விரலிடுக்குகள், உள்ளங்கால், கடைசியாக நகக்கண்கள். நகத்துக்கு அடியில் விரலால் தடவினால் போதாது. பழைய மென்மையான பல்துலக்கும் பிரஷ் கொண்டு உள்ளே செலுத்த வேண்டும். பிரஷை அதோடு எறிந்துவிடலாம். சொறிந்த கையின் நகத்துக்கு அடியில் பூச்சி தங்கியிருக்க வாய்ப்பு அதிகம் என்பதால் இந்த இடத்தை வலியுறுத்திச் சொல்கிறேன்.

இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கும் முதியவர்களுக்கும் நோய் எதிர்ப்பாற்றல் குறைந்தவர்களுக்கும் தலை, நெற்றி, காது, முகம் ஆகியவற்றிலும் பூசச் சொல்வார்கள். கண்ணையும் வாயையும் சுற்றி மட்டும் விட்டுவிட வேண்டும். குழந்தை விரலைச் சப்பும் என்றால் கைகளுக்கு மெல்லிய துணியுறை போட்டுவிட வேண்டும். பாலூட்டும் தாய் மார்பில் பூசியிருந்தால் பால் கொடுக்குமுன் கழுவிவிட்டு, கொடுத்த பிறகு மறுபடி பூச வேண்டும்.

அளவு பற்றியும் ஒரு வார்த்தை. வளர்ந்த ஒருவருக்கு ஒரு முறைக்கு ஏறத்தாழ 30 கிராம் தேவை. உடல் பெருத்தவருக்கு இன்னும் அதிகம். ஒரு குழாயை மூன்று பேர் பங்கிட்டுக்கொள்ளும் வீடுகளில் மூவருக்குமே குணமாகாது. எத்தனை பேர், எத்தனை குழாய் என்று சீட்டு எழுதும்போதே கேட்டு வாங்கிவிட வேண்டும்.

கிரீம் 8 முதல் 14 மணி நேரம் தோலில் இருக்க வேண்டும். துல்லியமான நேரத்துக்குச் சீட்டில் உள்ளதைப் பின்பற்றுங்கள். இடையில் கை கழுவினால் கைகளுக்கு மறுபடி பூச வேண்டும். பலரும் தவறவிடுவது இதைத்தான். பூசிவிட்டுப் பாத்திரம் கழுவுகிறார்கள், கழிப்பறை போய்விட்டுக் கை கழுவுகிறார்கள். பூச்சிக்கு மிகவும் பிடித்த விரலிடுக்கு மருந்தில்லாமல் போகிறது. ஏழு முதல் பதினான்கு நாளுக்குள், மருத்துவர் குறித்த நாளில், இதையே முழுமையாக ஒருமுறை திரும்பச் செய்ய வேண்டும். முதல் முறையில் தப்பிய முட்டையிலிருந்து பொரித்த பூச்சி அடுத்த முட்டையை இடும் முன் அதைக் கொல்வதற்காகவே இந்த இரண்டாவது முறை.

அடிக்கடி பூசினால் சீக்கிரம் போகும் என்று நினைத்துத் தினமும் பூசுகிறவர்கள் உண்டு. தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். பெர்மெத்ரினே தோலில் எரிச்சலையும் குத்தலையும் வறட்சியையும் கொடுக்கக்கூடியது. அந்த எரிச்சல் சிரங்கின் அரிப்பாகத் தோன்றும், அதற்காக இன்னும் பூசுவார்கள், அரிப்பு இன்னும் கூடும்.

பேன் மருந்தாக வரும் 1 சதவீதப் பெர்மெத்ரினும் சிரங்குக்கான 5 சதவீதக் கிரீமும் பெயரால் ஒன்றுபோலத் தெரியும். சிரங்குக்கு 1 சதவீதம் போதாது. சதவீதத்தைப் படித்துப் பார்த்து வாங்குங்கள். வீட்டில் பூனை இருந்தால் மருந்து கழுவப்படும் வரை அதை நெருங்கவிடாதீர்கள். பெர்மெத்ரின் பூனைகளுக்குக் கடுமையான நஞ்சு.

ஐவர்மெக்டின்: எளிமைதான் அதன் வலிமை

ஜப்பானிய மண்ணில் கண்டெடுத்த ஒரு நுண்ணுயிரிலிருந்து பிறந்த மருந்துக் குடும்பத்தைச் சேர்ந்தது ஐவர்மெக்டின். அந்தப் பணிக்காக சதோஷி ஓமுராவும் வில்லியம் கேம்பெலும் 2015ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள். சிரங்குக்கு வழக்கமான அளவு உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 200 மைக்ரோகிராம். உணவோடு ஒரு வேளை, ஏழு முதல் பதினான்கு நாள் கழித்து இன்னொரு வேளை. எடை பார்த்துக் கணக்கிட வேண்டிய மருந்து என்பதால் பக்கத்து வீட்டாருக்குக் கொடுத்த எண்ணிக்கை உங்களுக்குப் பொருந்தாது.

இந்த மாத்திரைக்கு முதுகில் எட்டாத இடம் என்று ஒன்று இல்லை. யாரும் யாருக்கும் பூசிவிட வேண்டாம். விழுங்கியதைக் கண்ணால் பார்த்து உறுதி செய்துவிடலாம். எரியும் வெடிப்புத் தோல், கரப்பான் உள்ள தோல் ஆகியவற்றில் கிரீம் படுவதைத் தாங்க முடியாதவர்களுக்கு இது பெரிய நிம்மதி.

குறை என்னவென்றால், ஐவர்மெக்டின் முட்டையைக் கொல்லாது. முதல் வேளை மாத்திரை உயிரோடிருக்கும் பூச்சிகளை ஒழிக்கும். முட்டைகள் தப்பிப் பொரிக்கும். இரண்டாவது வேளையைச் சாப்பிடாமல் விட்டால் சிகிச்சை பாதியில் நின்றதாகவே கொள்ள வேண்டும். அரிப்பு குறைந்துவிட்டதே என்று இரண்டாவது வேளையை மறந்துவிடுவதுதான் மாத்திரையில் நடக்கும் பெரிய தவறு. கிரீமில் உடம்பின் ஓர் இடத்தை மறக்கிறோம், மாத்திரையில் ஒரு நாளை மறக்கிறோம்.

15 கிலோவுக்குக் குறைவான குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் இதைப் பொதுவாகத் தவிர்க்கிறார்கள். பாலூட்டும் தாய்மார்கள் மருத்துவரிடம் சொல்லிவிட்டே எடுக்க வேண்டும். வார்ஃபரின் போன்ற இரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்து சாப்பிடுகிறவர்களும் அதைச் சொல்லியாக வேண்டும். கால்நடைகளுக்கான ஐவர்மெக்டினை மனிதர் எடுத்துக்கொள்வது ஆபத்து. அதன் செறிவும் அளவும் மிருகத்தின் எடைக்கானவை.

எது வலிமையானது என்ற கேள்விக்கு ஆய்வுகள் தரும் பதில் பலருக்கு ஏமாற்றமாக இருக்கலாம். இரண்டையும் ஒப்பிட்ட சோதனைகளைத் தொகுத்துப் பார்த்தபோது, முதல் வாரத்தில் பெர்மெத்ரின் சற்று முன்னால் நிற்கிறது; சில வாரங்கள் போனதும் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் தெரிவதில்லை. ஆனால் 2015ஆம் ஆண்டில் வெளியான ஃபிஜித் தீவுகளின் ஆய்வைத் தனியாகச் சொல்ல வேண்டும். அங்கே ஓர் இடத்தில் மக்கள் எல்லோருக்கும் ஐவர்மெக்டினும், இன்னோர் இடத்தில் எல்லோருக்கும் பெர்மெத்ரினும், மூன்றாவது இடத்தில் நோயாளிக்கும் அவரோடு நெருங்கிப் பழகியவர்களுக்கும் மட்டும் பெர்மெத்ரினும் கொடுத்தார்கள். ஓராண்டு கழித்து, ஐவர்மெக்டின் கொடுத்த பகுதியில் சிரங்கு 32.1 சதவீதத்திலிருந்து 1.9 சதவீதமாக விழுந்திருந்தது. எல்லோருக்கும் பெர்மெத்ரின் கொடுத்த பகுதியில் 41.7 சதவீதம் 15.8 ஆகவும், வழக்கமான முறையில் 36.6 சதவீதம் 18.8 ஆகவும் குறைந்தன.

இந்த எண்களைப் பார்த்துவிட்டு மாத்திரைதான் சிறந்தது என்று முடிவுகட்டுவது அவசரம் என்பது என் எண்ணம். அது ஒரு சமூகம் முழுவதுக்கும் மருந்து கொடுத்த சோதனை. ஆயிரம் பேரை மாத்திரை விழுங்கச் செய்வதும் ஆயிரம் பேரை உடம்பு முழுக்கப் பூசிக்கொள்ளச் செய்வதும் ஒரே அளவு எளிதல்ல. மாத்திரை கொடுக்கக் கூடாத சிறுகுழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் அங்கேயும் பெர்மெத்ரின்தான் கொடுக்கப்பட்டது. பலர் சேர்ந்து வாழும் விடுதி, முகாம், முதியோர் இல்லம், சிறை போன்ற இடங்களுக்கு அந்த ஆய்வு தெளிவாக வழிகாட்டுகிறது. ஒருவருக்கொருவர் முதுகில் பூசிவிடக்கூடிய நான்கு பேர் கொண்ட வீட்டுக்கு அதே முடிவை அப்படியே பொருத்த வேண்டியதில்லை. சிரங்குக்கான ஐவர்மெக்டினை உலக சுகாதார நிறுவனம் தன் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் 2019ஆம் ஆண்டில் சேர்த்தது. பெர்மெத்ரினும் அந்தப் பட்டியலில் இருக்கிறது.

மற்றவை

பென்சைல் பென்சோயேட் நல்ல மருந்து; மலிவானதும்கூட. பெரியவர்களுக்கு 25 சதவீதம். குழந்தைகளுக்கு அதை நீர்த்துப்போகச் செய்தே பயன்படுத்துவார்கள். எரியும். சொறிந்து புண்ணான தோலில் மிகவும் எரியும். தொடர்ந்து இரண்டு மூன்று நாள் பூச வேண்டியிருப்பதால் பாதியில் கைவிடுகிறவர்கள் அதிகம். ஆனால் பெர்மெத்ரினுக்குப் பூச்சி முன்புபோல் மடிவதில்லை என்று ஐரோப்பாவின் சில பகுதிகளிலிருந்து மருத்துவர்கள் எழுதிவரும் இந்தக் காலத்தில், சரியாகப் பூசியும் பெர்மெத்ரின் பலிக்காதவர்களுக்கு இது மறுபடி முக்கியமாகி வருகிறது.

கந்தகக் களிம்பு மிகப் பழையது; வாடை அடிக்கும், துணியில் கறை படியும், மூன்று இரவுகள் தொடர்ந்து பூச வேண்டும். ஆனாலும் இரண்டு மாதம் நிறையாத பச்சிளங்குழந்தைக்கு மருத்துவர்கள் நம்பி எழுதுவது பெரும்பாலும் இதைத்தான். குரோட்டமிட்டான் அரிப்பை ஓரளவு தணிக்கும். பூச்சியைக் கொல்வதில் பின்தங்கியது. ஸ்பினோசாட் என்னும் பூசும் திரவத்தை அமெரிக்காவில் 2021ஆம் ஆண்டில் நான்கு வயதுக்கு மேற்பட்டவர்களின் சிரங்குக்கு அனுமதித்தார்கள். எல்லா நாடுகளிலும் கிடைப்பதில்லை.

லிண்டேனைத் தவிர்க்கச் சொல்வேன். தோல் வழியாக உள்ளே போய் நரம்பைத் தாக்கும்; வலிப்பும் மரணமும் பதிவாகியிருக்கின்றன. குழந்தைகளுக்கும் எடை குறைந்தவர்களுக்கும் ஆபத்து மிகுதி. அமெரிக்காவில் 2003ஆம் ஆண்டில் இதற்குக் கடுமையான எச்சரிக்கை இடப்பட்டது. மேலே சொன்ன மருந்துகள் எல்லாம் இருக்கும்போது இதைத் தேடிப் போக எந்தக் காரணமும் எனக்குத் தெரியவில்லை.

இந்த ஒப்பீட்டில் இடமே பெறக் கூடாத ஒன்று மருத்துவர் பார்க்காமல் பூசும் ஸ்டீராய்டு களிம்பு. அது அரிப்பை அடக்கும், தடிப்பை மங்கச் செய்யும். பூச்சி உள்ளே நிம்மதியாகப் பெருகும். பிறகு மருத்துவரே பார்த்தாலும் சிரங்கு என்று அடையாளம் காண்பது கடினமாகிவிடும். இரண்டு நாள் நன்றாக இருந்தது, பிறகு முன்பைவிட மோசமாகிவிட்டது என்று வருகிறவர்களிடம் முதலில் விசாரிக்க வேண்டியது இதைத்தான்.

யாருக்கு எது?

ஆரோக்கியமான பெரியவர்களும் குழந்தைகளும் உள்ள வீட்டில் எல்லோருக்கும் பெர்மெத்ரின், இரண்டு முறை. கர்ப்பிணிக்கும் அதுவே. பச்சிளங்குழந்தை இருந்தால் குழந்தைக்கு எது என்பதை மருத்துவர் தனியாகச் சொல்லும் வரை காத்திருக்க வேண்டும். அந்த முடிவு வந்த பிறகு வீடு முழுவதும் ஒரே நாளில் தொடங்கலாம்.

தனியாக வாழும் முதியவருக்கு என் தேர்வு மாறும். குனிந்து பாதத்தைத் தொட முடியாதவரிடம் ஒரு குழாய் கிரீமைக் கொடுத்து அனுப்புவது அவருக்குச் சிகிச்சை மறுப்பதற்குச் சமம். உதவிக்கு ஒருவர் கையுறை அணிந்து பூசிவிட வழி இருக்கிறதா என்று கேட்க வேண்டும். இல்லையென்றால், அவருடைய மற்ற நோய்களையும் மருந்துகளையும் பார்த்துவிட்டு, மாத்திரை. பெர்மெத்ரினைச் சரியாக இரண்டு முறை பூசியும் புதிய வளைகள் தெரிகிறவர்களுக்கும் மாத்திரையோ பென்சைல் பென்சோயேட்டோ அடுத்த படி. சில மருத்துவர்கள் கிரீமையும் மாத்திரையையும் சேர்த்தே எழுதுவார்கள்.

செதில் சிரங்கு முற்றிலும் வேறு விஷயம். நோய் எதிர்ப்பாற்றல் குறைந்தவர்கள், மிக முதியவர்கள், உணர்விழந்த உறுப்பு உள்ளவர்கள் ஆகியோருக்கு வரும் இதில் தோல் பொருக்குத் தட்டித் தடித்துவிடும். பூச்சிகள் ஆயிரக்கணக்கில், சில நேரம் லட்சக்கணக்கில் இருக்கும். அரிப்பு குறைவாகவே இருப்பதால் வெறும் தோல் வறட்சி என்று விட்டுவிடுவார்கள். இதற்கு ஒரு மருந்து போதாது. பல வேளை ஐவர்மெக்டின், திரும்பத் திரும்பப் பெர்மெத்ரின், பொருக்கை இளக்கும் களிம்பு எல்லாம் சேர வேண்டும். தோல் மருத்துவரின் நேரடிக் கண்காணிப்பு கட்டாயம்.

எந்த மருந்தாக இருந்தாலும், அரிப்பு இருக்கிறதோ இல்லையோ, ஒரே வீட்டில் தூங்குகிறவர்களும் உடலுறவுத் துணையும் அதே நாளில் எடுத்துக்கொள்ள வேண்டும். இதை வெளியே சொல்ல வெட்கப்படுகிறார்கள் என்பது எனக்குப் புரிகிறது. சிரங்கு அழுக்கினால் வருவதில்லை. தோலோடு தோல் சற்று நீண்ட நேரம் படுவதால் வருகிறது. தினமும் இருமுறை குளிக்கிறவருக்கும் வரும். சொல்லாமல் மறைத்தால் நோய் சுற்றிச் சுற்றி உங்களிடமே வந்து சேரும்.

துணிகளுக்கு அதிகம் அலைய வேண்டாம். மனித உடம்பை விட்டுப் பிரிந்த பூச்சி இரண்டு மூன்று நாளுக்கு மேல் தாங்காது. மருந்து கழுவும் காலையில், கடந்த மூன்று நாளில் பயன்படுத்திய உடை, துண்டு, படுக்கை விரிப்புகளை வெந்நீரில் துவைத்து நன்றாகச் சூட்டில் உலர்த்தினால் போதும். துவைக்க முடியாததைக் காற்றுப் புகாத பையில் கட்டி ஒரு வாரம் வைத்துவிடலாம். வீடு முழுவதும் பூச்சிமருந்து தெளிப்பது தேவையில்லாத வேலை. குழந்தைகள் உள்ள வீட்டில் அது கெடுதலும்கூட.

அரிப்பு இன்னும் இருக்கிறது. மறுபடி பூசுவதா, பொறுப்பதா?

மருந்தைத் தேர்வதைவிட இந்த இடத்தில் எடுக்கும் முடிவுதான் பலரைத் தடுமாற வைக்கிறது. பூச்சிகள் செத்துவிட்டாலும் அவற்றின் உடலும் கழிவும் முட்டை ஓடுகளும் தோலுக்குள்ளேயே கிடக்கின்றன. மேல்தோல் உதிர்ந்து புதிதாக வளரும்போதுதான் அவை வெளியேறும். அதுவரை ஒவ்வாமை தொடரும். சரியான சிகிச்சைக்குப் பிறகும் இரண்டு முதல் நான்கு வாரம் அரிப்பு இருப்பது இயல்பு. முதல் சில நாள் அரிப்பு கூடுவதாகக்கூடத் தோன்றலாம்.

இந்த நான்கு வாரத்தில் எதைக் கவனிக்க வேண்டும் என்றால், அரிப்பின் போக்கையும் புதிய தடயங்களையும். வாரத்துக்கு வாரம் அரிப்பு குறைந்துகொண்டே வந்தால் பொறுத்திருக்கலாம். மணமில்லாத ஈரப்பதக் களிம்பு உதவும். அரிப்பு தூங்கவிடாவிட்டால் ஒவ்வாமைக்கான மாத்திரையை மருத்துவரிடம் கேட்கலாம். பூச்சி ஒழிந்தது உறுதியான பிறகு மிஞ்சும் தடிப்புகளுக்கு அவரே மிதமான ஸ்டீராய்டு எழுதலாம். முன்னால் சொன்ன எச்சரிக்கைக்கு இது முரண் இல்லை, பூச்சி உயிரோடிருக்கிறதா என்பதில்தான் வித்தியாசம். நெடுநாள் நீடிக்கும் சிறு கட்டிகள் அக்குளிலும் பிறப்புறுப்பிலும் சிலருக்கு மாதக்கணக்கில் இருக்கும். அவை மட்டும் இருப்பதால் பூச்சி இருப்பதாகப் பொருளில்லை.

இரண்டாவது முறை மருந்து போட்ட பிறகும் விரலிடுக்கிலோ மணிக்கட்டிலோ புதிய வளைக்கோடு தெரிந்தால், முன்பு இல்லாத இடத்தில் புதிய தடிப்பு வந்தால், நன்றாகக் குறைந்த அரிப்பு திடீரென்று பழையபடி இரவில் எழுப்பினால், வீட்டில் புதிதாக ஒருவர் சொறியத் தொடங்கினால், மறுபடி மருத்துவரிடம் போக வேண்டும். போகும்போது எந்த நாளில் யார் யார் பூசினார்கள், எத்தனை கிராம், எத்தனை மணி நேரம், இடையில் கை கழுவினார்களா, யார் விடுபட்டார்கள் என்று எழுதி எடுத்துச் செல்லுங்கள். மருந்து மாற வேண்டுமா, முறை மாற வேண்டுமா என்று அவர் முடிவெடுக்க அந்த ஒரு தாள் போதும்.

நான்கு வாரம் காத்திருக்கக் கூடாத சூழல்களும் உண்டு. சொறிந்த இடத்தில் சீழ் வைத்தால், தேன்நிறப் பொருக்கு படர்ந்தால், சுற்றிலும் சிவந்து சூடாக வீங்கினால், காய்ச்சல் வந்தால் அது பாக்டீரியா தொற்று. அதற்கு வேறு மருந்து வேண்டும். சிரங்குப் புண்ணில் புகும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமி சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடியது. குழந்தையின் முகமோ காலோ வீங்கினாலும், சிறுநீர் சிவந்தோ தேநீர் நிறத்திலோ போனாலும் அன்றே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள்.